அவசரத்துக்கு யாருடைய நம்பர்?

மட்டக்களப்பில் ஒரு கார்மெண்ட்ஸில் ஆளணிப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் கேட்டுப் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் மளமளவென்று வரும். 'அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர்' என்ற கட்டத்தில்தான் சிலர் முழிப்பார்கள்.

வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அம்மாட நம்பரக் குடுக்கட்டா மிஸ்? ஆனா அது கட்டார் நம்பர்."

"அவசரமெண்டா அம்மா வருவாவா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். அம்மம்மாவின் பெயரையும் அடுத்த வீட்டுக் கடைக்காரரின் நம்பரையும் தந்தாள்.

என் கதையும் அதுதான். 1996இல், எனக்கு நாலு வயதில், அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் அந்த வேலைக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு 2013இல்தான் வந்தது. முன்பே வந்திருந்தாலும் என் வயதைக் கூட்டிச் சொல்லிப் போயிருப்பார். கடன் அப்படி.

மண்டூரில் மாமி வீட்டில் வளர்ந்தேன். மாமி நல்லவர், அடித்ததில்லை. ஆனாலும் விடிந்ததும் பாயைச் சுருட்டி, நான் படுத்த தடமே தெரியாமல் வைத்துவிடுவேன். அம்மா அனுப்பும் பெட்டியில் நிடோ பால்மாவும் லக்ஸ் சவர்க்காரமும் இருக்கும். ஒரு தடவை பூப்போட்ட பெரிய போர்வை வந்தது. விருந்தாளிகளுக்கு என்று அது அலுமாரிக்குள் போனது.

பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, குருமண்வெளியில் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து 11 வருடமாகிறது. வாடகைக்கு இருக்கும் போடிங் அறைச் சுவரில் இதுவரை ஒரு ஆணி அடித்ததில்லை. வீட்டுக்கார அன்ரி வேண்டாமென்று சொன்னதுமில்லை. உடுப்பு இன்னும் பேக்கில்தான்.

எங்களைப் போன்றவர்களைச் சுப்பர்வைசர்களுக்குப் பிடிக்கும். முறைப்பாடு இல்லை, சண்டை இல்லை. பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளைகள் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிடுவார்கள். சம்பளம் போதாது என்று மீட்டிங்கில் காரணம் எழுதுவோம். அதுவும் உண்மைதான். எல்லாரும் இப்படி என்றும் சொல்ல முடியாது. தாய் சவூதியில் இருக்கும் இன்னொருத்தி, வந்த இரண்டாம் கிழமையே போடிங் வளவில் கறிவேப்பிலைக் கன்று நட்டாள்! எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன மாதம் வெல்லாவெளிப் பிள்ளை லீவு கேட்டாள். அம்மா வருகிறாராம், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகவேண்டுமாம். திரும்பி வந்த அன்று அவளுடைய ஃபைலை எடுத்தேன்.

"நம்பர மாத்துவமா?"

"வேணாம் மிஸ். மூணு மாசத்துல திரும்பப் போயிருவா. அம்மம்மாட பேரே இருக்கட்டும்."