பின் டிரம் பிரேக்: புது ஷூ வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் புது ஷூ (டிரம்மின் உள்சுவரில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டை) செட் வாங்கிப் போட்டுவிடுவது வழக்கம். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தொல்லை வரும். காட்டுப் பாதையில் ஓடும் வண்டியில், ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் முழுதாகத் தேயும் முன்பே வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுத்துவிடுகிறது. ஆக்சிலிலிருந்து கியர் ஆயில் கசிந்து நனைத்திருக்கும். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகியிருக்கும். சேறும் மணலும் புகுந்து டிரம்மை அரைத்திருக்கும். அல்லது ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகி, ஷூ டிரம்மை எட்டாமலே கிடந்திருக்கும். இவற்றில் எது என்று பார்க்காமல் போடும் புது ஷூ வீண் செலவு.

வண்டியைத் தூக்குவதில் ஒரு முக்கியமான விஷயம். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், டிஃபரென்ஷியல் வழியாக மறு சக்கரம் சுழலும், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். ஸ்டாண்டுகளைச் சேஸிஸுக்கு அடியில் வைக்காமல் ஆக்சில் குழாய்க்கு அடியில் வையுங்கள். பாதுகாப்பு தவிர இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பிளீடிங் (பிரேக் குழாய்களிலிருந்து ஏர் எடுப்பது) பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

டிரம் வரவில்லை என்றால் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் சிக்கல். ஹப்பின் நடு வட்டத்தில் துரு கவ்வியிருந்தால் டிரம் அசையவே அசையாது. அங்கே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள தட்டைப் பகுதியில் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பல டிரம்களில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். விளிம்பில் அடிக்க வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும். டிரம் சுற்றுகிறது, கொஞ்சம் வெளியே வந்து நிற்கிறது என்றால், தேய்ந்த டிரம்மின் உள் விளிம்பில் மிஞ்சியிருக்கும் மேடு ஷூவில் மாட்டுகிறது. ஷூக்களைத் தாங்கும் தகடான பேக்கிங் பிளேட்டின் பின்னால் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையில் ஒரு மெல்லிய திருப்புளியால் லீவரைப் பல்லிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பவும்.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் விட்டு ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியாது. பிரேக் கிளீனர் அல்லது சோப்புத் தண்ணீரால் நனைத்து, அடியில் தட்டு வைத்துக் கழுவி எடுங்கள். முகமூடி அவசியம்.

கழுவும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது? கெட்டியாக, கந்தக நெடியோடு, ஆக்சில் நடுவிலிருந்து கீழே வழிந்திருந்தால் கியர் ஆயில். வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பிக்கு அடியிலிருந்து தொடங்கி, பெயிண்டை உரித்திருந்தால், தண்ணீர் பட்டதும் கரைந்து போனால், பிரேக் ஃப்ளூயிட். தொப்பியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் ஈரப்பதம் இருப்பது பரவாயில்லை, சொட்டினால் சிலிண்டர் முடிந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவியோ சுட்டோ காப்பாற்ற முயல வேண்டாம். மேலே காய்ந்தது போலத் தெரியும், சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும். ஒரு பக்கம் நனைந்திருந்தாலும் இரு பக்கமும் மாற்ற வேண்டும், இல்லையேல் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கியர் ஆயில்தான் குற்றவாளி என்றால் முதலில் போக வேண்டிய இடம் ஆக்சில் பிரீதர். ஆக்சில் குழாயின் மேல் இருக்கும் சின்ன மூடி, சேற்றில் அடைத்துக்கொள்ளும். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், போக வழியில்லாமல், ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் சீலைத் தாண்டி எண்ணெயைத் தள்ளும். சூடான ஆக்சிலோடு ஆற்றில் இறங்கினால் நேரெதிர்: உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவே தண்ணீரை இழுக்கும். எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி, பாடியில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்கு நீளம் விடவும். அடைத்த பிரீதரோடு எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும்.

சீல் மாற்றும்போது ஷாஃப்டில் சீலின் உதடு உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்து ஒழுகும். சீல் கூட்டில் இடமிருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அடித்து உதட்டைப் புது இடத்தில் உட்கார வைக்கலாம். இல்லாவிட்டால் ஷாஃப்டின் மேல் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், ஆடும் ஷாஃப்டை எந்த சீலும் தடுக்காது. செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் (சக்கரம் ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கும் வகை) பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையம் பிரஸ் போட்டு ஏற்றியதாக இருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இந்த ஒரு வேலையை மட்டும் லேத் பட்டறையில் கொடுப்பதே நல்லது. அந்த வளையம் நழுவினால் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும்.

இப்போது ஷூவுக்கு வரலாம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் பதில் சொல்லும். ஆனால் அது கண்ணாடி பிம்பம், அப்படியே நகல் எடுத்தால் தவறு நேரும்.

உங்கள் பிரேக் எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். ஷூக்களின் கீழ் முனைகள் பேக்கிங் பிளேட்டில் நிலையாகத் தாங்கி நின்றால் அது லீடிங்–டிரெய்லிங் வகை. கீழ் முனைகள் எதிலும் கட்டுப்படாமல் நட்சத்திர அட்ஜஸ்டரில் மட்டும் மிதந்து, மேலே மட்டும் ஒரு ஆங்கர் பின் இருந்தால் டியோ சர்வோ. இந்த இரண்டாவது வகையில் முன்பக்க ஷூ சுழலும் டிரம்மோடு நகர்ந்து பின்பக்க ஷூவைத் தள்ளும், அதனால் அதிக வேலை பின்பக்க ஷூவுக்கு. லைனிங் நீளம் குறைந்த ஷூ வண்டியின் முன்பக்கம், நீளம் அதிகமானது பின்பக்கம். மாற்றிப் போட்டாலும் சிக்கலில்லாமல் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. நட்சத்திர அட்ஜஸ்டரில் ஒரு பக்கத்துக்கு இடது மரை, மறுபக்கத்துக்கு வலது மரை. இடம் மாறினால் தானியங்கி லீவர் ஒவ்வொரு முறையும் ஷூவை டிரம்மிலிருந்து விலக்கிக்கொண்டே போகும். மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, மரை இறுகாமல் தடுக்கும், உயர் வெப்பம் தாங்கும் ஆன்டி சீஸ் தடவி, விரலால் முழு நீளமும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

பேக்கிங் பிளேட்டில் ஷூவின் விளிம்பு உரசும் மேடைகள் பக்கத்துக்கு மூன்றாக, பெரும்பாலும் ஆறு இருக்கும். அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். அங்கே தேய்ந்து பள்ளம் விழுந்தால் ஷூ பள்ளத்தில் மாட்டி, பெடலை விட்ட பிறகும் திரும்பாது, அல்லது பெடலை மிதிக்கும்போது டக் என்ற சத்தத்தோடு திடீரென்று கவ்வும். வெல்டிங்கால் நிரப்பி அரத்தால் சமப்படுத்தலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடம் முழுதாகக் காயாமல் வெல்டிங் வைக்கவே கூடாது; அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். மேடைகளில் பிரேக் கிரீஸ் மெல்லிய படலமாக மட்டும். சாதாரண பேரிங் கிரீஸ் உருகி லைனிங்கில் இறங்கும்.

வீல் சிலிண்டரைக் கிட் போட்டுச் சரி செய்வதா, புதிது வாங்குவதா? வார்ப்பிரும்புச் சிலிண்டரில் லேசான கறை மட்டும் இருந்தால் ஹோன் போட்டு (உட்சுவரை மெல்லத் தேய்த்து), புதுக் கப் (உள்ளே இருக்கும் ரப்பர் சீல்) மாட்டலாம். புள்ளிப் புள்ளியாகத் துரு அரித்திருந்தால் ஹோன் போட்டு அதைத் துரத்தக் கூடாது. அலுமினியச் சிலிண்டரில் ஹோன் கூடவே கூடாது, உள்ளே உள்ள பாதுகாப்புப் படலம் போய்விடும். சேற்றிலும் ஆற்றிலும் ஓடும் வண்டிக்குப் புது சிலிண்டரையே பரிந்துரைப்பேன். வாங்கும்போது உள்விட்டத்தைப் பாருங்கள். 19.05 மி.மீ. இருந்த இடத்தில் 22.2 மி.மீ. போட்டால் அதே அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் விசை ஏறக்குறைய 36 சதவீதம் கூடும். ஈரமான இறக்கத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டியின் பின்பாதி சுழன்று வரும்.

குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பானரால் திருப்பினால் மூலைகள் உருண்டுவிடும், நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பானர் வேண்டும். முந்தைய நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். நட்டோடு குழாயும் முறுக்கிக்கொண்டு வந்தால் நிறுத்திவிட்டுப் புதுக் குழாய் போடுவதே சரி. 10 மி.மீ. மெட்ரிக் மரையும் 3/8 அங்குல மரையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சில சுற்று ஏறவும் செய்யும். கையால் கடைசி வரை ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்றாதீர்கள்.

டிரம்மில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். உள் மைக்ரோமீட்டர் அல்லது டிரம் கேஜால் மூன்று நான்கு திசைகளில் அளந்து பாருங்கள். அளவு மாறினால் டிரம் வட்டம் இழந்துவிட்டது. லேத்தில் கடைந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கடையுங்கள். பிறகு புது ஷூவில் சாக் தடவி டிரம்முக்குள் வைத்து உரசிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் பரவாயில்லை, ஓட ஓடப் படிந்துவிடும். இரு முனைகளில் மட்டும் அழிந்தால் ஷூவின் வளைவு டிரம்மைவிடப் பெரிது, கிறீச்சிடும், கவ்வும். அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரிட்டர்ன் ஸ்பிரிங், ஹோல்ட் டவுன் பின் எல்லாம் புதிது போடுங்கள். சுருள்களுக்கிடையே இடைவெளி விழுந்த ஸ்பிரிங், நீலம் பாய்ந்த ஸ்பிரிங் இரண்டும் சூட்டில் பலம் இழந்தவை. பேக்கிங் பிளேட் துளைகளின் ரப்பர் அடைப்பான் தொலைந்திருந்தால் கட்டாயம் வாங்குங்கள். அந்தத் துளை வழியாக நுழையும் மணல் லைனிங்கில் பதிந்து டிரம்மைச் சாணைக்கல் போலத் தேய்க்கும்.

அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் பெரும்பாலானவர்கள் வரிசையைத் தவற விடுகிறார்கள். சக்கரத்திலேயே ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால் முதலில் கேபிளை முழுதாகத் தளர்த்துங்கள். ஷூவில் உள்ள லீவர் முழுதாகப் பின்னுக்குப் போய் உட்கார வேண்டும். கேபிள் இழுத்துப் பிடித்திருந்தால் ஷூக்கள் ஏற்கெனவே கொஞ்சம் விரிந்து நிற்கும், நீங்கள் வைக்கும் இடைவெளி பொய்யாகிவிடும். பிறகு டிரம்மைக் கையால் சுற்ற முடியாத வரை அட்ஜஸ்டரை இறுக்கி, பெடலை ஒருமுறை அழுத்தி ஷூக்களை நடுவில் உட்கார வைத்து, மறுபடி இறுக்கி, லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் வரை தளர்த்துங்கள். இதற்குப் பிறகே பிளீடிங். ஹேண்ட் பிரேக் கேபிள் கடைசியில்.

அட்ஜஸ்ட் செய்யாமல் ஏர் எடுக்கப் போனால் பெடல் ஆழமாகவே போகும், லிட்டர் கணக்கில் ஃப்ளூயிட் வீணாகும். முதல் மிதிக்கு ஆழமாகப் போய், இரண்டாவது மிதிக்கு மேலே வந்து உறுதியாக நின்றால் ஷூ தூரத்தில் இருக்கிறது. எத்தனை மிதித்தாலும் பஞ்சுத்தன்மை போகவில்லை என்றால் ஏர். உறுதியாக நின்று மெல்ல இறங்கினால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர், அல்லது எங்கோ ஒழுகல்.

முன்பு சொன்ன ஸ்டாண்ட் விஷயம் இங்கே வருகிறது. பல வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சுமை அறியும் வால்வு இருக்கும். ஆக்சில் தொங்கினால் வண்டியில் பாரமே இல்லை என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தால் இந்தத் தடை இருக்காது. வால்விலேயே பிளீடர் இருந்தால் அதையும் திறந்து ஏர் எடுங்கள். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியில் இந்தக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டை அதே அளவுக்கு உயர்த்தாவிட்டால், எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் பின் பிரேக் சோம்பலாகவே இருக்கும்.

பிரேக் ஃப்ளூயிட் டாட் 3 அல்லது டாட் 4, மூடி திறக்காத புது பாட்டில், 1 லிட்டர் போதும். சிலிக்கோன் வகையான டாட் 5 இவற்றோடு சேராது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கவும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும், பெடலைத் தரை வரை மிதித்தால் கப் அதில் கிழியும்.

வண்டியை இறக்கியதும் முதலில் நின்ற இடத்திலேயே பெடலை அழுத்திப் பிடித்து இணைப்புகளில் கசிவு பாருங்கள். பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக 15, 20 முறை, நடுவே ஆற விட்டு விட்டு, பிரேக் பிடியுங்கள். நிறுத்திய பின் இரு டிரம்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் ஷூ உரசிக்கொண்டிருக்கிறது. ஒன்று குளிர்ந்தே இருந்தால் அந்தப் பக்கம் வேலையே செய்யவில்லை. 300 கி.மீ. ஓடிய பிறகு அட்ஜஸ்டரை மறுபடி பார்க்கவும், லைனிங் படிந்த அளவுக்கு இடைவெளி கூடியிருக்கும். ஆழமான சேற்றில் இறங்கி வந்த பயணத்துக்குப் பின் வெளியே தண்ணீர் பீய்ச்சுவதோடு விடாமல், டிரம்மைக் கழற்றி உள்ளே கழுவுங்கள். அந்த நேரத்தில் சிலிண்டர் தொப்பியையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடலாம்.