விண்டோஸ் சின்னம் தோன்றுவதற்கு முன் கழிந்த 31 நொடிகள்

பணி ஓய்வு பெற்றதிலிருந்து என் தாய்மாமா தம் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கணினியில் எழுதி வருகிறார். 2014-இல் வாங்கிய மேசைக் கணினி அது. சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சிக் காபி கலந்து எடுத்து வந்தால் கணினி தயாராக இருக்கும் என்று அத்தை சொல்வார். சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது, "மாப்பிள்ளை, இதற்கு ஒரு வழி பண்ணு, இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடுகிறேன்" என்றார் மாமா. எடைக்குப் போட வேண்டிய நிலையில் அது இல்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. ஆனால் தாமதம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி நான் நினைத்திருந்தது பாதிதான் சரி.

முதலில் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து எக்செல் திறக்கும் நிலைக்கு வர 1 நிமிடம் 52 நொடி ஆயிற்று. இந்த மொத்தத்தை மட்டும் குறித்துக்கொண்டால் பயன் இல்லை. விண்டோஸ் சின்னம் திரையில் தோன்றும் நொடியையும் தனியாகக் குறிக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய நேரம் ஃபர்ம்வேருக்கும் (மதர்போர்டிலேயே பதிந்திருந்து கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) வன்பொருளுக்கும் உரியது, பிந்தைய நேரம்தான் இயங்குதளத்துக்கு உரியது. மாமாவின் கணினியில் அந்தச் சின்னம் 31-ஆவது நொடியில் தோன்றியது. அளக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருப்பதால், ஷட்டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் பகுதி முழுமையாக அணைவதில்லை. அதன் நிலை வட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுமுறை அப்படியே திரும்பப் படிக்கப்படுகிறது. உண்மையான முழுத் தொடக்கத்தை அளக்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்துதான் பார்க்க வேண்டும். ஃபர்ம்வேரில் உள்ள 'ஃபாஸ்ட் பூட்' என்பது தொடக்கச் சோதனைகளில் சிலவற்றைத் தாண்டிச் செல்வது, இதற்கு முற்றிலும் வேறானது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட குறிப்புகளை இணையத்தில் ஏராளமாகப் பார்க்கலாம்.

வட்டை மாற்றியதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் வியப்பு ஏதும் இல்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகிறது. வேண்டிய இடம் தலைமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் தலைமுனை உரிய தடத்துக்கு நகரவும் எட்டு ஒன்பது மில்லி நொடி ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு எண்பது முறை போலத்தான் அதனால் எடுக்க முடியும், இயங்குதளமோ தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டில் ஒவ்வொரு எடுப்புக்கும் சுமார் 0.1 மில்லி நொடி போதும். பழைய வட்டை அப்படியே ஒரு சாட்டா (வட்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் வழக்கமான கம்பி இணைப்பு) எஸ்எஸ்டிக்குப் படியெடுத்து மாட்டியதும் மொத்த நேரம் 51 நொடியாகக் குறைந்தது. காசு செலவழித்துச் செய்யக்கூடியவற்றுள் இதற்கு இணையான பலன் வேறு எதிலும் இல்லை. இதற்கு மேலும் விலை கொடுத்து என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகையை வாங்கினால் தொடக்கம் இன்னும் பல மடங்கு விரைவாகும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். பெரிய கோப்புகளைப் படியெடுக்கும்போது ஐந்தாறு மடங்கு தெரியும் வேகம் தொடக்கத்தில் ஓரிரு நொடிக்கு மேல் தெரிவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் பெரும்பகுதி, டிரைவர்கள் எனும் சாதன இயக்கி நிரல்கள் தத்தம் சாதனங்களை எழுப்பிவிட்டுக் காத்திருப்பதிலேயே போகிறது.

ஆனால் அந்த 51 நொடியில், சின்னம் தோன்றுவதற்கு முந்தைய 31 நொடி அப்படியே இருந்தது. எஸ்எஸ்டி அதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்கவில்லை. இயங்குதளம் வேகம் பெற்ற பிறகு, இருளில் காத்திருக்கும் அந்த அரை நிமிடம் முன்னைவிட நீளமாகத் தோன்றியது.

மின்சாரம் வந்தவுடன் செயலி தேடும் முதல் கட்டளை, 4 ஜிபி முகவரி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. அந்த முகவரி மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சிறிய ஃபிளாஷ் சில்லுக்குப் போய்ச் சேருகிறது. அந்த நிலையில் ரேம் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது, செயலி தன் உள்ளிருக்கும் கேஷ் நினைவகத்தையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. பிறகு ரேமை எழுப்பி, திரையை எழுப்பி, யூஎஸ்பி செருகிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வட்டுகளைத் தேடிப்பிடித்து, எதிலிருந்து தொடங்குவது என்று முடிவெடுக்கிறது. இந்த ஒவ்வொரு படியிலும் ஃபர்ம்வேர் அனுபவிக்கும் பெருந்துன்பம், பதில் வராத சாதனத்துக்காகக் காத்திருப்பதுதான். இருக்கிற சாதனம் உடனே பதில் சொல்லிவிடும். இல்லாததும் பழுதானதும்தான் நேரத்தைத் தின்கின்றன.

மாமாவின் கணினியில் அது கண்ணெதிரே நடந்தது. கறுப்புத் திரையின் இடது மேல் மூலையில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னியது, பிறகு வலைவழித் தொடக்கத்துக்கான வரிகள் ஓடின, ஒரு சிறு கோடு கடிகார முள்ளைப் போலச் சுழன்றது, கடைசியில் தொடக்கக் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வந்து மறைந்தது. அந்தக் கணினியின் இயல்பு அமைப்பிலேயே தொடக்க வரிசையில் நெட்வொர்க் முதலிடத்தில் இருந்திருக்கிறது. நூறு கணினிகளை ஒரே சர்வரிலிருந்து நிறுவும் அலுவலகத்துக்கு அது பயன்படும். வீட்டிலோ, கணினி ரௌட்டரிடம் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு, தொடங்குவதற்கான கோப்பையும் கேட்டு, அப்படி ஒன்றைப் பற்றியே அறியாத ரௌட்டரின் பதிலுக்காக மறுபடி மறுபடி நின்றது. ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையான செட்டப்புக்குள் போய் நெட்வொர்க் தொடக்கத்தை நிறுத்திவிட்டு மீண்டும் அளந்தபோது 31 நொடி 18 ஆயிற்று.

பின்புறத்தில் எப்போதும் செருகியே கிடந்த ஒரு வெளிவட்டு, தொடக்க வரிசையில் உள்வட்டுக்கு முன்னால் நின்றது. ஒவ்வொரு காலையும் அது சுழன்று வேகம் பிடிக்கும் வரை ஃபர்ம்வேர் காத்திருந்துவிட்டு, அதில் இயங்குதளம் இல்லை என்று கண்டுகொண்டு நகர்ந்தது. அதைக் கழற்றி, உள்வட்டை முதலிடத்துக்குக் கொண்டுவந்ததும் 14 நொடி. நிறுவனச் சின்னம் திரையில் நிற்கும் கால அளவு என்று ஒரு தெரிவு உண்டு, செட்டப்புக்குள் நுழைய விரும்புவோர் விசையை அழுத்துவதற்காக விட்டிருக்கும் அவகாசம் அது. அதை மூன்றிலிருந்து ஒன்றாக்கியதும் 12 நொடி. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி அளந்தேன். நான்கைந்தை ஒன்றாக மாற்றிவிட்டு, பிறகு கணினி எழவில்லை என்றால் எதைத் திருப்புவது என்று தெரியாமல் விழிப்பதை நான் முன்பே அனுபவித்திருக்கிறேன்.

அடுத்த மாற்றம்தான் உண்மையில் கையைச் சுடக்கூடியது. அந்தக் கணினியின் ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகையைச் சேர்ந்ததே என்றாலும், விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் நிறுவப்பட்டிருந்ததால், சிஎஸ்எம் எனப்படும் பின்னோக்கிய ஒத்திசைவுப் பகுதி எல்லாவற்றையும் பழைய முறைக்கு மாற்றித் தந்துகொண்டிருந்தது. அதை வெறுமனே அணைத்தால் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டிலிருந்து கணினி எழாது. 2017-இல் விண்டோஸ் 10 உடன் சேர்ந்து வரத் தொடங்கிய எம்பிஆர்-டு-ஜிபிடி என்ற கருவி, கோப்புகளை அழிக்காமலே வட்டை யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றித் தருகிறது. முதலில் சரிபார்க்க மட்டும் சொல்லி, அது சம்மதித்த பிறகு மாற்றி, மறுதொடக்கத்தில் சிஎஸ்எம்-ஐ அணைத்தேன். தனி கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், யூஇஎஃப்ஐக்கு உரிய திரை இயக்கி இல்லாத பழைய அட்டையாக இருந்தால் சிஎஸ்எம் அணைந்தவுடன் செட்டப்பே கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இப்படிப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும், ஆகவே அந்த எண் கையில் இல்லாமல் செட்டப் பக்கமே போகாதீர்கள். வட்டோடு கணினி பேசும் சாட்டா முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றுவதும் இதே ரகம்தான், முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் நீலத் திரைதான் வரும்.

சிஎஸ்எம் அணைந்து, ஃபாஸ்ட் பூட் இயக்கப்பட்ட பிறகு சின்னம் 7-ஆவது நொடியில் தோன்றியது, மொத்தம் 27 நொடி. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்ற எண்ணும் இப்போது காணக் கிடைத்தது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை, ஃபர்ம்வேர், லோடர், கெர்னல், பயனர் பகுதி என நேரத்தைப் பிரித்தே காட்டிவிடும். ஃபாஸ்ட் பூட்டிலேயே 'அல்ட்ரா' என்றொரு படியும் சில மதர்போர்டுகளில் உண்டு. அதைப் போட்டால் இயங்குதளம் வரும் வரை யூஎஸ்பி விசைப்பலகை எழுப்பப்படாது, டெலீட் விசையை எத்தனை முறை தட்டினாலும் செட்டப் திறக்காது, விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். மாமா வீட்டில் அதை நான் தொடவில்லை.

இந்தப் பெருமையோடு வீடு திரும்பிய நான், என் சொந்தக் கணினியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பாகங்களும் புதியவை, டிடிஆர்5 ரேம் 64 ஜிபி, வேகமான என்விஎம்இ. பாகங்களைப் பூட்டி முதன்முதலில் பொத்தானை அழுத்தியபோது விசிறிகள் சுழன்றன, திரையில் எதுவும் இல்லை. இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டேன், ரேமைக் கழற்றி மாட்டினேன். மூன்றாம் முறை, அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டு மதர்போர்டுப் பெட்டியில் கிடந்த சிறு தாளைப் படித்தபோதுதான், முதல் தொடக்கத்துக்குச் சில நிமிடங்கள் ஆகலாம், இடையில் அணைக்காதீர்கள் என்று அச்சிட்டிருந்ததைக் கண்டேன். படித்து முடிப்பதற்குள் திரையும் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் நடப்பதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். செயலிக்கும் ரேமுக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு கம்பியிலும் குறிப்பலை வந்து சேரும் நேரம் மிக நுட்பமாக வேறுபடுவதால், எந்தக் கம்பிக்கு எவ்வளவு தாமதம், எவ்வளவு மின்னழுத்தம் என்று ஒவ்வொன்றாக முயன்று, பிழையின்றிப் படிக்கக்கூடிய எல்லைகளின் நடுப்புள்ளியைக் கண்டறிந்து அதில் நிற்க வேண்டும். கச்சேரிக்கு முன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்ற வேலை. ரேமின் வேகம் கூடக் கூடப் பிழைக்கான இடைவெளி குறுகுவதால் இந்தச் சுருதி சேர்ப்பும் நீள்கிறது. என் கணினியில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 40 நொடி இதிலேயே போயிற்று, பத்தாண்டுப் பழைய மாமாவின் கணினி அதற்குள் கணக்கே எழுதத் தொடங்கிவிடும்.

மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்ற தெரிவு, நேற்றுக் கண்டறிந்த மதிப்புகளைச் சேமித்துவைத்து இன்று அவற்றையே பயன்படுத்தச் சொல்கிறது, தம்புராவின் பிருடைகளை நேற்று எவ்வளவு முறுக்கினோம் என்று எழுதிவைத்துக்கொள்வதைப் போல. அதை இயக்கியதும் 40 நொடி 14 ஆயிற்று. ஆனால் ஈரக்காற்று வீசும் நாளில் நேற்றைய சுருதி நிற்காது என்பது தம்புரா பிடிப்பவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் எனக்கு நீலத் திரை வந்தது. ரேமை அதன் எக்ஸ்எம்பி (ரேம் தயாரிப்பாளர் குறித்துத் தரும் கூடுதல் வேக அமைப்பு) வேகத்திலிருந்து ஒரு படி இறக்கி, ஃபர்ம்வேரையும் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு அது மீண்டும் வரவில்லை. புதிய ஃபர்ம்வேர் போட்டவுடன் பழைய மதிப்புகள் அழிந்துவிடுவதால் முதல் தொடக்கம் மறுபடியும் நிமிடக்கணக்கில் நீண்டது, இந்த முறை நான் பொத்தானைத் தொடவில்லை. நீலத் திரை தொடர்ந்து வந்திருந்தால் அந்தத் தெரிவை அணைத்துவிட்டு 40 நொடியையே ஏற்றிருப்பேன். ரேம் பிழையால் ஒரு கோப்பு சத்தமில்லாமல் கெடுவதற்கு, மிச்சமாகும் 26 நொடி ஈடாகாது.

ஐந்து மாதம் கழித்து மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. "பழைய கதைதான் மாப்பிள்ளை, வங்கியின் பக்கத்தைத் திறந்தால் பாதுகாப்பற்றது என்று வேறு சொல்கிறது" என்றார். தேதி என்ன காட்டுகிறது என்று கேட்டேன். 2014 ஜனவரி 1. தேதி தவறாக இருந்தால் வங்கிப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தோன்றும், அப்போதே விளங்கிவிட்டது. செட்டப் தெரிவுகளையும் கடிகாரத்தையும் பேட்டரியின் துணையால் காப்பாற்றும் ஏற்பாடு 1984-இன் ஐபிஎம் ஏடி காலத்திலிருந்து வருவது. மாமாவின் மதர்போர்டில் அது ஒரு சிஆர்2032 பொத்தான் பேட்டரி. சுவரில் பிளக் உயிரோடு இருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட்டைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலை குறைவு. மாமாவோ, இடி விழுந்தால் போச்சு என்று ஒவ்வோர் இரவும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். பத்தாண்டுகளாக ஒவ்வோர் இரவும் அந்தப் பொத்தான் தனியாகக் காவல் காத்துக் காலியாகிவிட்டது, அதனோடு நான் போட்ட தெரிவுகளும் போய், நெட்வொர்க் தேடல் மீண்டும் முதலிடத்துக்கு வந்திருந்தது.

கைக்கடிகாரக் கடையில் புதிய பேட்டரி வாங்கி மாட்டினேன். தெரிவுகளை மறுபடியும் போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன், மாமா அவற்றைக் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தார். சுவர் சுவிட்சை அணைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இடியைப் பற்றி அவர் சொல்வது சரிதான்.

மீதமுள்ள 7 நொடியில் இரண்டு நொடி, தட்டு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும் டிவிடி டிரைவுக்காகக் காத்திருப்பதில் போகிறது. அதன் சாட்டா கம்பியைப் பிடுங்கினால் 5 நொடி. கையை உள்ளே விட்டேன். "அதில் நம் வீட்டுக் கல்யாண டிவிடி இருக்கிறது, எடுக்க முடியவில்லை, ஆனால் சில நாள் ஓடுகிறது" என்றார் அத்தை. கையை எடுத்துவிட்டு மூடியைத் திருகினேன்.