இரண்டு வெள்ளையில் எந்த வெள்ளை?

படிக்கும் அறைக்கு நிறம் தேடி, கடைசியில் இரண்டு ஆஃப் ஒயிட்டில் வந்து நின்று பத்து நாளாகிறது. பெயிண்ட் நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டில் அடுத்தடுத்த கட்டங்கள். ஒன்றில் மஞ்சள் லேசாக ஓடுகிறது, இன்னொன்றில் சாம்பல். ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் அதுவும் தெரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெறும் வெள்ளைதான்.

முதலில் சாம்பிளைப் பழைய சுவரிலேயே பூசினேன். அது தப்பு. சுவர் வெளிர்பச்சை. அதன் நடுவே சாம்பல் சாயல் ரோஜா நிறமாகத் தெரிந்தது! செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைப் பற்றி 1839-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். நெசவாலையில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று கண்டுபிடித்தார். என் சுவரிலும் அதே கதை.

அப்புறம் இரண்டு பெரிய அட்டைகளில் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, இரண்டு கோட் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். எமல்ஷன் பெயிண்ட் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தபின் கொஞ்சம் அடர்ந்துவிடும். ஈரத்தில் முடிவெடுக்கவே கூடாது. பச்சை தொந்தரவு செய்யாமல் இருக்க, அட்டைகளுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டினேன்.

காலையில் இரண்டும் நன்றாகவே இருந்தன. இரவில் மஞ்சளாக ஒளிரும் 2700 கெல்வின் பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் சாயல் வெண்ணெய் நிறத்துக்குப் போய்விட்டது. வெண்மை கூடிய 4000 கெல்வின் பல்பு மாட்டியதும் அடங்கியது. சரி, பல்பை மாற்றினால் போதும், மஞ்சளையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

முடிவை மாற்றியது தரை. மாலை வெயில் நேராக என் சிவப்புத் தரையில் விழுகிறது. அங்கிருந்து எழும் செம்மை சுவரின் கீழ்ப்பாதி முழுக்கப் படிகிறது. அட்டைகளை நடுவில் மடித்து அறை மூலையில் நிறுத்திப் பார்த்தேன். மூலையில் ஒரு பக்கத்தின் நிறம் மறுபக்கத்தில் பட்டுத் திரும்புவதால் சாயல் இன்னும் கூடும். மஞ்சள் அங்கே ஆரஞ்சாகவே மாறிவிட்டது. சாம்பலோ தரையின் செம்மையை வாங்கி, நான் மனதில் வைத்திருந்த அந்த இதமான வெள்ளையாக நின்றது. எனக்கு வேண்டிய வெதுவெதுப்பைத் தரையே கொடுக்கிறது!

சாம்பல் சாயலையே வாங்கிவிட்டேன். பச்சை மேலே எட்டிப் பார்க்காமலிருக்க பிரைமர் அடித்தாகிவிட்டது. ஜன்னல் சுவரில் முதல் கோட் காய்ந்துகொண்டிருக்கிறது.