வாங்கில இருந்த பொடியன்

என்ர பெறாமகன் போன வருசம் முழுக்க கல்லூரிக் கூடைப்பந்து அணியில மாற்று ஆளா வாங்கிலதான் இருந்தவன். ஒருநாளும் முகம் சுழிக்கேல்லை. விடிய ஐந்தரைக்குக் கொக்குவிலில இருந்து சைக்கிள் மிதிச்சுப் போய், பவுலுக்கு எறியிற 4.6 மீற்றர் கோட்டில நிண்டு தனிய எறிவான். முந்தி முழங்கை வெளியால விரியும், பந்து வளையத்தில பட்டுத் தெறிக்கும். இப்ப கை நேராப் போகுது, கடைசியில மணிக்கட்டு மடியுது, வலைச் சத்தம் மட்டும்தான் கேக்கும்.

நேற்று மூன்றாம் கால்பகுதியிலயே எங்கட உயரமான பொடியனுக்கு 5 பவுல். வெளிய போயிட்டான். இவன் இறங்கினான். அடிச்சது 4 புள்ளிதான். ஆனா எதிரணியின்ர நெட்டையனைக் கூடைக்குக் கிட்ட விடேல்லை. முதுகு குடுத்து மறிச்சு, தெறிச்ச பந்தெல்லாம் பொறுக்கினான். மறிச்சதுக்கு ஆரும் புள்ளி எழுதமாட்டினம், விளையாடினவைக்குத்தான் அதின்ர அருமை தெரியும்.

முடிய, கப்டன் ஓடிவந்து முதல் கட்டிப்பிடிச்சது இவனைத்தான். எனக்குக் கண் கலங்கிப்போச்சு.