ஃப்ளாப்பி டிரைவோடு ஒரு வாரம்

மார்ச் 4
பரணிலிருந்து பழைய 486 கம்ப்யூட்டர் இறங்கியது. கல்லூரி நாட்களில் பாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்கள் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிஸ்குகளில் தூங்குகின்றன. அவற்றை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேட்டரி செத்ததில் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கிவைக்கும் அடிப்படை நிரல்) எல்லா அமைப்புகளையும் மறந்திருந்தது. புதியதைப் போட்டேன். ஏ டிரைவுக்கு மூன்றரை அங்குலம் 1.44 எம்பி, பி-க்கு ஐந்தேகால் அங்குலம் 1.2 எம்பி என்று நானே எழுதிக் கொடுத்தேன். என்ன டிரைவ் மாட்டியிருக்கிறது என்று இது தானாகப் பார்த்துக்கொள்ளாது. சொன்னதை அப்படியே நம்பும்.

மார்ச் 5
'ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில்'. மூன்றரை அங்குல டிரைவின் விளக்கு, பவர் போட்டதிலிருந்து அணையவே இல்லை. விளக்கு விடாமல் எரிந்தால் அநேகமாகக் கேபிள் தலைகீழ். சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் வர வேண்டும். ஹார்ட் டிஸ்க் பழக்கத்தில் பவர் பக்கமாக வைத்துவிட்டேன். இந்த டிரைவில் அது எதிர்ப்பக்கம். திருப்பியதும் சரி.

மார்ச் 7
இன்று ஜம்பரால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஜம்பர் என்பது டிரைவுக்கு நம்பர் கொடுக்க, பின்களின் மேல் மாட்டும் சின்ன இணைப்பு. ஏ-க்கு முதல் நம்பர், பி-க்கு இரண்டாவது நம்பர் என்று 'அறிவோடு' ஜம்பரை மாற்றினேன். பி-யைக் கூப்பிட்டால் இரண்டு விளக்கும் எரிந்தன. ஏ-யைக் கூப்பிட்டால் மோட்டார் சுற்றியது, விளக்கு எரியவில்லை.

பிறகுதான் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 34 கம்பிகளில் 10 முதல் 16 வரை ஏழு மட்டும் கடைசிக் கனெக்டருக்கு முன்னால் முறுக்கியிருக்கின்றன. ஏ, பி என்று பிரிப்பது இந்த முறுக்குதான். அதனால் இரண்டு டிரைவும் ஒரே ஜம்பரில், இரண்டாவதில், இருக்க வேண்டும். முறுக்குக்கு அப்புறம் இருப்பது ஏ, முன்னால் இருப்பது பி. இன்னொரு வம்பு: சில டிரைவுகளில் எண்ணிக்கை 0-விலிருந்து, சிலவற்றில் 1-லிருந்து. ஆகவே அந்த 'இரண்டாவது' ஜம்பரின் பெயர் ஒன்றில் டிஎஸ்1, இன்னொன்றில் டிஎஸ்2. யார் யோசித்தார்களோ!

மார்ச் 8
பி-யில் முதல் டிஸ்க், கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையை அடித்தேன், பட்டியல் வந்தது. இரண்டாவது டிஸ்கைப் போட்டேன். அதே பட்டியல்! மூன்றாவதிலும் அதே.

டிஸ்க் மாறியதைச் சொல்லும் சிக்னல் 34-ஆம் பின்னில் வர வேண்டும். அது வராவிட்டால் இயங்குதளமான டாஸ், பழைய டிஸ்க்தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். படிக்கும்போது வெறும் வேடிக்கை. அந்த நிலையில் ஒரு கோப்பை எழுதியிருந்தால் முதல் டிஸ்கின் அட்டவணை இரண்டாவதன் மேல் உட்கார்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் போயிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கன்ட்ரோல்-சி தட்டினால் புதிதாகப் படித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஞாபகம் இருக்குமா? டிரைவின் அடிப்பலகையில் 34-ஆம் பின்னுக்கென்றே ஒரு ஜம்பர் இருக்கிறது. அது டிரைவ் தயார் என்று சொல்லும் 'ரெடி' சிக்னல் பக்கம் கிடந்தது. டிஸ்க் மாற்றத்தைச் சொல்லும் பக்கம் மாற்றினேன்.

மார்ச் 10
எல்லா டிஸ்கின் ஓரப் பள்ளத்திலும் டேப் ஒட்டினேன். ஐந்தேகாலில் பள்ளத்தை மூடினால் எழுத முடியாது. மூன்றரையில் நேர்மாறு, துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. இவை 360 கேபி டிஸ்குகள், 40 தடம். 1.2 எம்பி டிரைவில் படித்து எழுதும் ஹெட் ஒல்லி. எழுதினால் தடத்தின் ஓரத்தில் பழைய தரவு மிஞ்சி, 360 டிரைவ் குழம்பிப்போகும். படிக்க மட்டும் ஒரு தொல்லையும் இல்லை.

முதல் டிஸ்கில் 14 நிரல்கள். பிழையின்றிக் கம்பைல் ஆனவை (இயங்கும் வடிவுக்கு மாறியவை) மூன்று.