கட்டைவிரலுக்குப் போன ஃபோகஸ்

முகூர்த்த நேரத்தில் மேடை எப்படி இருக்கும் என்று கல்யாணம் எடுக்கிற எல்லாருக்கும் தெரியும். ஐயர் கையைத் தூக்கிக் காட்டுவார், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று நாலு பக்கமும் குரல் வரும், தவில்காரர் வெளுத்து வாங்குவார், அடுத்த நொடி அட்சதை பறக்கும். மாப்பிள்ளையின் கைக்கும் கேமராவுக்கும் நடுவில் மாமாவின் தோள், அத்தையின் வளையல் கை, மூன்றாவது முடிச்சுக்குக் காத்திருக்கும் நாத்தனார், ஹோமப் புகை, எதிரே வீடியோக்காரரின் லைட். இதில் எது தாலி, எது இடைஞ்சல் என்று ஆட்டோஃபோகஸுக்குத் தெரியாது. தேர்ந்தெடுத்த புள்ளிக்கு நேராக எது வருகிறதோ அதைப் பிடிக்கும். அட்சதை வந்தால் அட்சதையை.

ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுக்க அழுத்தினால் படம். கேமராவைக் கையில் எடுத்த நாளிலிருந்து எல்லாரும் பழகுவது இப்படித்தான். சிரமம் எங்கே வருகிறது என்றால், ஒரு படம் எடுத்துவிட்டு விரலைத் தூக்கி மறுபடி அழுத்தும்போது கேமரா திரும்பவும் முதலிலிருந்து ஃபோகஸ் தேட ஆரம்பிக்கிறது. மணமகள் உட்கார்ந்த இடத்திலேயேதான் இருக்கிறாள், தூரம் ஒரு சாண்கூட மாறவில்லை, ஆனாலும் லென்ஸ் உள்ளே வெளியே என்று ஓடிவிட்டு வரும். அந்த அரை நொடியில் முடிச்சு விழுந்திருக்கும்.

இந்த ஃபோகஸ் வேலையை ஷட்டரிடமிருந்து பிடுங்கி, கேமராவின் முதுகில் கட்டைவிரலுக்கு எட்டும் பட்டனிடம் கொடுப்பதுதான் பேக் பட்டன் ஃபோகஸ். புதுசும் இல்லை. ஃபிலிம் காலத்திலேயே, 1989-இல், கேனான் இஓஎஸ் 630-இல் இந்த வசதியைக் கொடுத்துவிட்டது. அதற்கென்றே தனியாக ஏஎஃப்-ஆன் (ஏஎஃப் என்றால் ஆட்டோஃபோகஸ்) என்று எழுதிய பட்டன் கேனானில் வந்தது 2007 வாக்கில். நம் ஊர்க் கல்யாண வேலையில் இருப்பவர்களில் பலருக்கு அந்தப் பட்டன் இன்னும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டன்தான்.

நான் அதைத் தொட ஆரம்பித்தது என்னுடைய கேனான் 6டி கேமராவால். 2012-இல் வந்த மாடல். இருட்டில் படம் அருமையாக வரும், விலையும் கட்டுப்படியாகும் என்பதால் கல்யாணக்காரர்கள் நிறையப் பேர் வாங்கினார்கள். ஆனால் அதில் ஃபோகஸ் புள்ளிகள் மொத்தமே பதினொன்று. அதிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் க்ராஸ் டைப், அதாவது குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு இரண்டையும் பார்த்துப் பிடிப்பது. அது கிட்டத்தட்ட நிலா வெளிச்சத்தில்கூடப் பிடித்துவிடும். மற்ற பத்தையும் மண்டப வெளிச்சத்தில் நம்பிக் கல்யாணம் எடுக்க முடியாது. ஆகவே நடுப்புள்ளியை முகத்தில் வைத்துப் பிடித்து, அப்புறம் கேமராவை நகர்த்தி ஃபிரேம் கட்ட வேண்டும். பாதி அழுத்திய விரலை அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். கொஞ்சம் தளர்ந்தால் ஃபோகஸ் போய்விடும், கொஞ்சம் அழுந்தினால் வேண்டாத படம் விழுந்துவிடும்.

மாற்றுவது என்னவோ இரண்டு நிமிட வேலை. மெனுவில் கஸ்டம் கண்ட்ரோல்ஸ் போய், ஷட்டரைப் பாதி அழுத்தினால் வெளிச்சம் அளப்பது மட்டும் என்று வைக்க வேண்டும். ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு ஃபோகஸ். பிறகு ஃபோகஸ் முறையை ஏஐ சர்வோவுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தால் நகரும் ஆளை லென்ஸ் துரத்திக்கொண்டே போகும். எடுத்துவிட்டால் பிடித்த தூரத்தில் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை படம் எடுத்தாலும் லென்ஸ் நகராது. ஒருமுறை பிடித்து நிறுத்திவிடும் ஒன் ஷாட், துரத்திக்கொண்டே இருக்கும் சர்வோ என்று மாற்றி மாற்றி வைக்கிற வேலையே பெரும்பாலும் இல்லாமல் போகிறது.

விரல் பழகுவதுதான் பெரும்பாடு. வலது பக்கம் கியர் இருந்த பழைய புல்லட்டை ஓட்டிய ஒருவர் திடீரென்று இந்தக் காலத்து பைக்கில் ஏறினால் கால் என்ன செய்யுமோ, அதைத்தான் கை செய்தது. ஆள்காட்டிவிரல் பழக்கதோஷத்தில் பாதி அழுத்திவிட்டுக் காத்திருக்கும். எதுவும் நடக்காது. மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. இன்னொன்று, பீப் சத்தம். ஒன் ஷாட்டில் ஃபோகஸ் விழுந்ததும் பீப் என்று ஒரு சத்தம், வ்யூஃபைண்டரில் ஒரு பச்சை விளக்கு. சர்வோவில் இரண்டும் கிடையாது. அந்தச் சத்தத்தைக் கேட்டே படம் எடுத்துப் பழகிய காதுக்கு இந்த அமைதி சந்தேகமாகவே இருந்தது. அதனால் வேலைக்குப் போகிற இடத்தில் முதலில் இதைத் தொடவில்லை. வீட்டு மாடியில் காக்கா, தெருநாய், சைக்கிளில் போகும் பையன்கள் என்று எடுத்துப் பழகினேன். அப்புறம் ரிசப்ஷன், அப்புறம் நலங்கு. முகூர்த்தத்துக்குக் கடைசியில்தான் கொண்டுபோனேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் அந்த வரிசையைத்தான் சொல்வேன்.

6டியின் முதுகில் மூன்று பட்டன் வரிசையாக இருக்கும். முதலில் ஏஎஃப்-ஆன், பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டது, அடுத்து புள்ளி தேர்ந்தெடுக்கும் பட்டன். கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது எது எது என்று விரலால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபோகஸ் என்று நினைத்து நட்சத்திரத்தை அழுத்தினால் எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, பூட்டிக்கொள்ளும். இதற்குத் தீர்வு சொன்னது மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்த அக்கா ஒருவர். நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, தன் பெட்டியிலிருந்து கல் வைத்த குட்டி ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, "இதை ஒட்டிக்கங்க தம்பி, விரல் தானா போகும்" என்றார். ஒட்டினேன். கட்டைவிரல் நுனியில் அந்தக் கல் நெருடிய பிறகு தேடல் நின்றுவிட்டது. மதுரை மே மாத வியர்வையில் பொட்டு இரண்டு கல்யாணம் தாங்காது. அட்டை பத்து ரூபாய், பையில் எப்போதும் ஒன்று கிடக்கிறது.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. இடது கண்ணால் பார்ப்பவர்களுக்குக் கட்டைவிரல் நேராக முகத்தில் இடிக்கும். கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் தொல்லை. எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் இதனாலேயே நாலு நாளில் விட்டுவிட்டார், அவர் படங்கள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. செங்குத்தாகப் பிடித்து எடுக்கும்போது கட்டைவிரலை வளைத்து எட்ட வேண்டியிருக்கிறது. பேட்டரி கிரிப் மாட்டினால் அதிலேயே இன்னொரு ஏஎஃப்-ஆன் இருக்கிறது, ஆனால் எடை கூடும். நிகான் வைத்திருப்பவர்கள் லென்ஸின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது: பழைய விஆர் லென்ஸ்கள் பலவற்றில் ஏஎஃப்-ஆனை மட்டும் அழுத்தினால் நடுக்கம் தடுக்கும் வசதி வேலை செய்யாது, ஷட்டரையும் பாதி அழுத்தியாக வேண்டும்.

பழகிய பிறகு வேலை செய்கிற வரிசையே மாறிவிட்டது. முகூர்த்தத்துக்கு 24-70 லென்ஸில் 35 எம்.எம்., எஃப் 4 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பேன். எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் தெளிவு விழும் ஆழமும் கூடும். முன்னும் பின்னும் சேர்த்து முக்கால் மீட்டருக்கு எல்லாம் தெளிவாக விழும். மாங்கல்யத் தட்டு சபையில் எல்லாரிடமும் ஆசி வாங்கச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மணமகளின் முகத்தில் புள்ளியை வைத்து, கட்டைவிரலை ஒரு தட்டுத் தட்டி எடுத்துவிடுவேன். அதோடு ஃபோகஸ் கதை முடிந்தது. கெட்டிமேளம் கேட்கும்போது எனக்கு இருக்கிற வேலை மாப்பிள்ளையின் கையையும் பெண்ணைப் பெற்றவர்களின் கண்ணையும் பார்ப்பது மட்டும்தான். குறுக்கே அரிசி பறந்தாலும் பூ பறந்தாலும் லென்ஸுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து யாராவது இடித்துத் தள்ளினால், இன்னொரு தட்டு.

இதே வித்தை 85 எம்.எம். லென்ஸில் எஃப் 1.8 வைத்தால் பலிக்காது. அங்கே இரண்டு மீட்டரில் தெளிவாக இருப்பது மொத்தமே ஆறு சென்டிமீட்டர் அளவுதான். மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், காது ஜிமிக்கி மங்கிவிடும். பெண் ஒரு மூச்சு இழுத்துச் சாய்ந்தாலே கண் அவுட். அந்த லென்ஸில் கட்டைவிரலை எடுக்கவே கூடாது. மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்து வருகிறவரை எடுக்கும்போதும் அப்படித்தான், அழுத்தியபடியே பின்னால் நடக்க வேண்டும். தரையில் வீடியோ கேபிள் கிடக்கும், அதைப் பார்த்துக்கொள்ள லைட் பிடிக்கும் பையனின் கையை நம் தோளில் வைத்துக்கொள்வது நல்லது.

அதிக லாபம் எங்கே என்று கேட்டால் ரிசப்ஷன் என்பேன். மாலையெல்லாம் ஒரே சோபா, ஒரே தூரம், வரிசையில் வந்து மொய்க் கவர் கொடுத்துவிட்டு நின்று போஸ் கொடுத்துப் போகிறவர்கள். முன்பெல்லாம் நடுப்புள்ளி நீட்டிய கவரில் போய் உட்காரும், இல்லையென்றால் இரண்டு பேருக்கு இடையில் தெரிகிற பின்னணிப் பூவில் போய் நிற்கும். இப்போது எஃப் 5.6 வைத்து மாப்பிள்ளையைப் பிடித்து விரலை எடுத்துவிட்டால், குடும்பம் குடும்பமாக வந்து போகிறது, நான் ஷட்டரை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று, ஜூமை மாற்றினால் மறுபடி பிடிக்க வேண்டும். நாம் வைத்திருக்கும் ஜூம்கள் பெரும்பாலும் வேறு ஃபோகல் லெங்த்துக்குப் போனால் ஃபோகஸைக் காப்பாற்றித் தருவதில்லை.

மேடை லைட்டை அணைத்துவிட்டு ஆட விடும் ரிசப்ஷன்களில் மட்டும் சர்வோவை விட்டு ஒன் ஷாட்டுக்குப் போகிறேன். ஃப்ளாஷிலிருந்து சிவப்புக் கட்டங்கள் பாய்ந்து இருட்டில் ஃபோகஸுக்கு உதவுமே, அது கேனானில் சர்வோவில் எரியாது. ஒன் ஷாட்டில் கட்டைவிரலால் அழுத்தினால் எரியும். பீப்பும் திரும்ப வந்துவிடும், அது ஒரு ஆறுதல்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். எங்கள் யூனிட்டில் இருக்கும் கேனானின் மிரர்லெஸ் ஆர்6 தானாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கிறது, கேண்டிட் எடுக்கும்போது அதோடு போட்டி போடவே முடியாது. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் மணமகள் தலை குனிந்திருப்பாள், நெற்றிச்சுட்டியும் மாலையும் முகத்தில் பாதியை மறைத்திருக்கும். பின்னால் மேடையில் முழு முகத்தோடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியம்மாவின் கண் அதற்குச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதனால் அதிலும் ஏஎஃப்-ஆனில் கண்ணைத் தேடும் ஃபோகஸ், பக்கத்து நட்சத்திரப் பட்டனில் ஒற்றைப் புள்ளி என்று பிரித்து வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும்.

மற்றவர் கையில் கொடுக்கும்போதுதான் இந்த ஏற்பாடு தகராறு செய்யும். ஒரு வளைகாப்பில் கூட வந்த தம்பியிடம் 6டியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ரசம் ஊற்றும்போது ஓடி வருகிறான்.

"அண்ணே, பாடி போயிருச்சுண்ணே. ஃபோகஸே ஆக மாட்டேங்குது."

"பின்னாடி பொட்டு ஒட்டியிருக்குல்ல, அதை அமுக்குடா."

கேமராவைத் திருப்பிப் பார்த்தவன், "இது சும்மா அழகுக்குன்னு நினைச்சேண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினான். இப்போதெல்லாம் டயலில், நம் அமைப்பைச் சேமித்து வைக்கிற இடங்களில், சி1-ஐ எனக்கும், சி2-ஐ பழைய பாதி அழுத்தும் முறைக்கும் வைத்திருக்கிறேன். "தம்பி, எங்க குடும்பத்தோட நீங்களும் நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்று பெண்ணின் தாய்மாமன் கையை நீட்டினால், சி2-க்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் நிற்கிறேன்.