இன்ஜினுக்கும் கண்ணாடிக் கூரைக்கும் என்ன சம்பந்தம்?

காரில் எனக்கு வேண்டியது மூன்றுதான். நல்ல இழுவை உள்ள இன்ஜின், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், மேனுவல் கியர். இந்த மூன்றும் ஒரே வண்டியில் வேண்டும் என்று சின்ன கார்களில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் டாப் வேரியன்ட்டில்தான் போய் நிற்பீர்கள். அதில் சன்ரூஃப் என்கிற கண்ணாடிக் கூரை வரும், சுவரில் மாட்டுகிற டிவி மாதிரி ஒரு திரை வரும், முதுகுக்குக் காற்று ஊதுகிற சீட் வரும், கதவோரம் கலர் மாறி மாறி எரியும் லைட் வரும். இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளி, சின்ன இன்ஜினிலும் அதிக இழுவை தருகிற டர்போ எந்த மாடலில் வரும் என்று ராமநாதபுரத்தில் ஒரு ஷோரூமில் விசாரித்தேன். "டர்போ வேணும்னா டாப் மாடல்தாண்ணே, சன்ரூஃப் இல்லாம வராது. பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்ணே" என்றார் அங்கிருந்த தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேரியன்ட் பட்டியலை அவரா போட்டார்? பாம்பன் கரையில் விளைமீன் கேட்கிறவரிடம், பெட்டியும் ஐஸும் சேர்த்து வாங்கினால்தான் மீன் என்று யாரும் சொல்வதில்லை. கார் கம்பெனிகள் மட்டும் தைரியமாகச் சொல்கின்றன.

வேகமான இன்ஜின் என்றாலே அது ஷோக்குப் பேர்வழிகளுக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது, எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலுவழிச் சாலை, சரி. அதற்கு இந்தப் பக்கம் ராமநாதபுரம் வரையுள்ள 46.7 கிலோமீட்டரை நாலுவழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே 2025 ஜூலையில்தான். அந்த வேலை முடிகிறவரை எதிரும் புதிருமாகத்தான் ஓட்ட வேண்டும். ராமேஸ்வரத்துக்குப் போகும் டூரிஸ்ட் பஸ், மீன் லாரி, நடுவில் ஆட்டு மந்தை, இதையெல்லாம் தாண்டி மதுரை ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு, வண்டியில் ஐந்து பேர் இருந்து ஏசியும் முழுசாக ஓடும்போது, ஒரு பஸ்ஸை முந்த எத்தனை விநாடி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்களில் டார்க், அதாவது இழுவை, 115 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் (ஆர்பிஎம்) தொட்டால்தான் முழுசாகக் கிடைக்கும். நல்ல 1 லிட்டர் டர்போ ஒன்று 170 சொச்சம் கொடுக்கிறது, 1,500-லிருந்தே. கியரைக் குறைத்து இன்ஜினைக் கதறவிடாமல் முந்திவிட்டு நம் பக்கம் வந்துவிடலாம். இதற்கும் கூரையில் கண்ணாடி இருப்பதற்கும் என்ன தொடர்பு, யாராவது சொல்லுங்களேன்.

நம்ம கடலோரத்தில் அந்தக் கண்ணாடிக் கூரை வெறும் தண்டச்செலவு மட்டும் இல்லை, தொந்தரவும்கூட. சித்திரை வெயிலில் தேவிபட்டினத்திலோ கீழக்கரையிலோ வண்டியை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். திறந்தால் உப்புக்காற்றும் மணலும். சன்ரூஃபைச் சுற்றி மழைத்தண்ணீர் இறங்க மூலைகளில் மெல்லிய குழாய் வைத்திருப்பார்கள். அதில் மணலும் சருகும் அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்கூரை வழியாக சீட்டில் சொட்டும். இதற்கு நாம் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமாம்.

சக்கரத்தையும் சொல்லிவிடுகிறேன். டாப் மாடலில் வரும் அலாய் வீல் பெரும்பாலும் டைமண்ட் கட், அதாவது முகப்பைப் பளபளவென்று கடைந்து, மேலே நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒரு மெல்லிய லாக்கர் பூச்சு மட்டும் கொடுத்திருப்பார்கள். மண்டபத்தில் நண்பர் ஒருவரின் காரில் குனிந்து பார்த்தேன். ஒரு கல் தெறித்துப் பூச்சு லேசாக விட்ட இடத்திலிருந்து, லாக்கருக்கு அடியிலேயே வெள்ளையாக, புழு ஊர்ந்த தடம் மாதிரி நாலு பக்கமும் கிளை விட்டு ஓடியிருந்தது. நகத்தால் சுரண்டினால் லாக்கர் தோலாக உரிகிறது, உள்ளே அலுமினியம் பொடிப்பொடியாக. அதைச் சரி செய்ய மறுபடி லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். சாதா இரும்பு வீல் என்றால் துருவைத் தேய்த்துவிட்டு பெயின்ட் அடித்தால் முடிந்தது.

அப்புறம் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காருக்கு வாழ்நாள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஒரு பேச்சுக்கு, எனக்குப் போதுமான வசதிகள் உள்ள நடு வேரியன்ட் 9.8 லட்சம் என்றால் வரி 1,27,400. டர்போவுக்காக 12 லட்சத்து டாப் மாடலுக்குப் போனால் 2,16,000. வண்டி விலையில் 2.2 லட்சம் போக வரியில் மட்டும் இன்னொரு 88,600. இன்ஷூரன்ஸ் தனி. இத்தனைக்கும் 4 மீட்டருக்குள் இருக்கும் 1 லிட்டர் டர்போ காரை, ஜிஎஸ்டி கணக்கில் சின்ன கார் என்றுதான் வைத்திருக்கிறார்கள், 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கும் சாதா இன்ஜின் காருக்கும் ஒரே 18 சதவீதம்தான். அரசாங்கமே அந்த இன்ஜினை ஆடம்பரம் என்று சொல்லவில்லை. கூடவே கட்டிக் கொடுக்கிற சாமான்தான் நம்மை மேல் படிக்குத் தள்ளிவிடுகிறது.

கம்பெனிகள் சொல்லும் காரணம் எனக்கும் புரிகிறது. வேரியன்ட் கூடக் கூட ஃபேக்டரியில் சிக்கல், டீலரிடம் ஸ்டாக் தேங்கும், லாபம் டாப் மாடலில்தான். ஆனால் முடியாத காரியம் இல்லை. 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலில் அலங்காரம் எதுவும் இல்லாத அடிமட்ட எல்டிஐ வேரியன்ட்டிலும், அதற்கு மேல்படி விடிஐ-யில் இருந்த அதே 1.3 லிட்டர் இன்ஜின், அதே 190 நியூட்டன் மீட்டர் டார்க் இருந்தது. பாதுகாப்புச் சாமான்கள் குறைவுதான், ஆனால் இன்ஜினில் வஞ்சனை செய்யவில்லை. 1968-ல் அமெரிக்காவில் பிளைமவுத் கம்பெனி ரோட் ரன்னர் என்று ஒரு கார் விட்டது, 335 குதிரைத்திறன் இன்ஜின், உள்ளே தரைக்குக் கம்பளம்கூடக் கிடையாது, ரப்பர் பாய்தான். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விற்றது. இழுவைக்கு மட்டும் காசு கொடுக்கிற ஆட்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

பிரேக்கில் எனக்குச் சமாதானமே கிடையாது. திடீர் பிரேக்கில் சக்கரம் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸையும் ஏர்பேக்கையும் ஒரு காலத்தில் இப்படித்தான் டாப் மாடலில் பூட்டி வைத்திருந்தார்கள். 2019-ல் எல்லா காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் அடிமட்ட வேரியன்ட்டிலும் வந்துவிட்டது. இப்போது பல மாடல்களில் தொடக்க வேரியன்ட்டிலேயே ஆறு ஏர்பேக் தருகிறார்கள், சந்தோஷம். பின்சக்கர டிஸ்க்கையும் அப்படிக் கொடுங்கள். சில மாடல்களில் டர்போ நடு வேரியன்ட்டில் கிடைக்கிறது, போய்ப் பார்த்தால் பின்னால் பழைய பாணி டிரம் பிரேக். அதிக இழுவையைக் கொடுத்துவிட்டு நிறுத்துகிற சாமானை மட்டும் சன்ரூஃபோடு கட்டி விற்பது என்ன நியாயம்?

அதனால் புது வண்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தேடுவது 2017-லிருந்து கொஞ்ச காலம் மட்டும் விற்ற மாருதி பலேனோ ஆர்எஸ். 1 லிட்டர் டர்போ, 150 நியூட்டன் மீட்டர், மேனுவல் கியர், நாலு பக்கமும் டிஸ்க், கூரை முழுக்கத் தகரம். மதுரை, திண்டுக்கல் பக்கம் ஓடிய வண்டியாக இருந்தால் நல்லது. நம்ம கரையோரத்தில் ஓடியது என்றால் லிஃப்ட்டில் ஏற்றி, கதவுக்குக் கீழ் விளிம்பு, சைலன்சர் தொங்கும் கொக்கி, பின் சஸ்பென்ஷன் போல்ட், பிரேக் பைப் நான்கிலும் துரு பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன். யாராவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், பரமக்குடியோ மதுரையோ, நானே வந்து பார்க்கிறேன்.